ஜூன் 30-ல் பணி ஓய்வு: கையில் இருக்கிற 38 பையன்களை எப்படி ஒப்படைப்பது?

கேள்வி: பேசின்பாலம்58

வணக்கம். வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். 1999 ஜூனில் சேர்ந்தது, வரும் ஜூன் 30-ல் 58 முடிந்து ஓய்வு. இன்றைய தேதிக்கு என் பெயரில் 38 பையன்கள். 11 பேருக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் (சிறார் மீதான வழக்கை விசாரிக்கும் இடம்) கேஸ் நடக்கிறது. 9 பேர் மாத்திரைப் பழக்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பவர்கள். மீதிப் பேர் பள்ளி நின்றவர்கள், சிறார் ஹோமிலிருந்து வந்து வேலை தேடுகிறவர்கள். எனக்குப் பதிலாக வரும் தம்பி மார்ச் முதல் வாரம் சேர்கிறார். சமூகப்பணி படித்தவர், நல்ல மனசு, ஏரியாவுக்குப் புதுசு.

நிர்வாகம் ஃபைல்களை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. ஃபைலைக் கொடுத்துவிடலாம், பையன்களை எப்படிக் கொடுப்பது? எப்போது சொல்வது, எந்த வரிசையில் செய்வது, போன் நம்பரை என்ன செய்வது, கோர்ட் காகிதங்களில் என் பெயர் இருக்கும் இடங்களுக்கு என்ன வழி? பி.எஃப்., கிராஜுட்டி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பதில்: கேரம்போர்டு

அண்ணா, இப்போதே சொல்லாதீர்கள். கையில் காட்ட ஆள் இல்லாமல் "போறேன்" என்று மட்டும் சொன்னால் பையன் இரண்டு மாதம் அந்தரத்தில் நிற்பான். மே மாதம் வரை தள்ளினால் "சொல்லாம கொள்ளாம போறாரு" என்று ஆகிவிடும். புதியவர் சேர்ந்த வாரமே ஆரம்பித்து, பத்து நாளுக்குள் 38 பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடியுங்கள். ஒருவனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். அதனால் ஹோமில் இருப்பவனுக்குத்தான் முதலில் போய்ச் சொல்ல வேண்டும், அவனுக்குப் பார்வையாளர் வரும் நாளை விட்டால் உங்களை நேரில் கேட்க வழியில்லை.

தேதியோடு சொல்லுங்கள். "ஜூன் முப்பதோட எனக்கு வேலை முடியுது. வயசாச்சு, ரிட்டயர்டு. உன் கேஸு, படிப்பு எல்லாம் இனிமே இவரு பார்ப்பாரு. நீ ஏதோ பண்ணிட்டதால நான் போகல." அந்தக் கடைசி வாக்கியத்தை ஒருவனுக்கும் விட்டுவிடாதீர்கள். அப்பன் விட்டுப்போன பையனுக்கு, பெரியவர்கள் போவதெல்லாம் தன்னால்தான் என்று மனசில் ஊறிப்போயிருக்கும். "நான் எங்கடா போகப்போறேன், எப்ப வேணா கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் ஆகஸ்டில் ஒரு ராத்திரி அவன் கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால், அன்றைக்கு அறுந்தது அறுந்ததுதான்.

சொன்ன மூன்று நான்கு வாரத்தில் சிலர் முறுக்குவார்கள். ஒருவன் வாய்தாவுக்கு வரமாட்டான், இன்னொருவன் விட்ட மாத்திரையைத் தொடுவான், இன்னொருவன் புதியவரைக் கண்டபடி பேசுவான். நீங்கள் ஓடி வருகிறீர்களா என்று பார்க்கிறார்கள். ஓடத்தான் வேண்டும், ஆனால் புதியவரை அழைத்துக்கொண்டு ஓடுங்கள். பெரும்பாலான ஒப்படைப்பு கெடுவது இங்கேதான்: பழைய ஆள் மனசு கேட்காமல் தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார், பையனுக்கு "இவரைத்தான் கூப்பிடணும்" என்று உறுதியாகிவிடும், நாலு மாதமும் வீண்.

ஒவ்வொருவனுக்கும் குறைந்தது மூன்று சந்திப்பு. முதலாவதில் நீங்கள் பேசுங்கள், தம்பி உட்கார்ந்திருக்கட்டும். இரண்டாவதில் அவர் பேசட்டும், பையன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் நீங்கள் தம்பி பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மூன்றாவதில் டீ சொன்ன பிறகு பாதியில் எழுந்து வந்துவிடுங்கள். ஆபீசில் வைத்தால் பையன் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா சார், சரி சார்" என்பான். கேரம் போர்டு போட்ட இடம், கால்பந்து மைதானத்து ஓரம், பாக்ஸிங் பழகும் கொட்டகை, இங்கெல்லாம் கை ஒரு வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். கேரம் தெரியாவிட்டால் தம்பி மார்ச்சிலேயே பழகிக்கொள்ளட்டும், தோற்றால் பரவாயில்லை.

காசிமேட்டுப் பையன்களுக்கு உங்கள் தேதி ஒரு விதத்தில் வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். நாள்கணக்கில் கடலிலேயே தங்கும் தங்குகடலுக்குப் போகிற பையனையும் பிடிக்கலாம். காசு புரளாத, கை சும்மா இருக்கும் காலமும் அதுதான், தப்பு நடப்பதும் அப்போதுதான். அதனால் காசிமேட்டுப் பையன்களின் மூன்று சந்திப்பையும் மே நடுவுக்குள் முடித்து, கடைசி ஒரு மாதம் தம்பியே தனியாகப் போகட்டும். ஃபைபர் படகில் போகிறவர்களுக்குத் தடை கிடையாது, அவர்களைப் படகு கரையேறுகிற நேரத்தில் பாருங்கள்.

ஃபைல் போக, ஆளுக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டில் யார் சொன்னால் கேட்பான் (பெரும்பாலும் ஆயா). எந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். காணாமல் போனால் தேட வேண்டிய மூன்று இடம். கடைசியாக, எந்தத் தெரு வழியாக வரமாட்டான் என்பது, இதை யாரும் எழுதுவதில்லை. ஏரியாப் பகை தெரியாத புதியவர் "நாளைக்கு அந்த முனைக்கு வந்துடு" என்று நல்ல மனசோடு சொல்லிவிடுவார், பையன் வராமல் போவான், "பொறுப்பில்லாதவன்" என்று ஃபைலில் ஏறும். வந்துவிட்டால் அதைவிட மோசம், வெட்டு விழும். இந்தப் பக்கத்தில் பெயருக்குப் பதில் ஃபைல் எண் போதும், என்ன குற்றம் என்பதும் வேண்டாம்.

அவன் உங்களிடம் மட்டும் சொன்ன விஷயங்களில் எதைப் புதியவரிடம் சொல்லலாம் என்று அவனையே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது என்பதை அவனிடமே சொல்லிவிட வேண்டும். பாலியல் கொடுமை என்றால் போக்சோ பிரிவு 19 படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், அதை மனசிலேயே வைத்துக்கொண்டு ஓய்வுபெற முடியாது.

பதில்: வாய்தா

சார், கோர்ட் காகிதம் பற்றி. ஓய்வுபெற்றால் தானாகப் பொறுப்பு விடாது. உங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 12-ல் ஜாமீன் கொடுக்கும்போது "தகுந்த நபர்" பராமரிப்பில் விட்ட உத்தரவு. இரண்டு, அதே சட்டத்தின் பிரிவு 18-ல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்ட உத்தரவு, இது மூன்று வருஷம் வரை ஓடலாம். 11 ஃபைலையும் எடுத்து, உத்தரவில் இருப்பது உங்கள் சொந்தப் பெயரா, நிறுவனத்தின் பெயரா என்று பாருங்கள். நிறுவனம் என்றால் ஒரு கடிதம் போதும். சொந்தப் பெயர் என்றால், உங்களை விடுவித்து இன்னாரை நியமிக்கக் கேட்டுக் குழுமத்தில் மனு போட வேண்டும், புதியவரின் ஒப்புதல் கடிதத்தோடு. இதை ஏப்ரலில் வரும் வாய்தாவிலேயே செய்யுங்கள். ஜூனுக்குத் தள்ளி, அன்றைக்கு மாஜிஸ்திரேட் விடுப்பு என்றால் ஜூலையிலும் உங்கள் பெயர்தான் நிற்கும். உத்தரவு நகல் வாங்காமல் வராதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் ஆளுக்கொரு நகல்.

சொந்த ஜாமீன் கையெழுத்து எங்காவது போட்டிருந்தால் அதற்கும் இதே வழிதான். களப்பணியாளர் ஜாமீன்தாரராக நிற்பதே தவறு. பையன் ஒரு வாய்தாவுக்கு வராவிட்டால் ஜாமீன் தொகைக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், அடுத்த நாள் அவனிடம் பழைய மாதிரி பேச முடியாது.

தம்பி தடுமாறும் இடம் ஒன்று உண்டு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சம்பவம் நடந்தபோது 17, இப்போது 18 தாண்டியவன் கேஸும் பொதுவாகக் குழுமத்தில்தான் நடக்கும். "மேஜர் ஆயிட்டான், பெரிய கோர்ட்டுக்குப் போ" என்று யாராவது விரட்டினால் நகர வேண்டாம். ஹோமில் இருந்து 18 முடிக்கப்போகிறவன் யாராவது இருந்தால் பிற்காப்பு (ஹோமை விட்டு வந்த பிறகு தரும் உதவி) விண்ணப்பம் அவன் வெளியே வருவதற்கு முன்பே போக வேண்டும். அது 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். வெளியே வந்து இரண்டு மாதம் அலைந்த பிறகு போட்டால் ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

ரகசியம். அதே சட்டம் பிரிவு 74 படி, கேஸில் இருக்கும் சிறுவனின் அடையாளம் வெளியே வந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இதில் பிரிவுபசார விழாவில்தான் மாட்டுவார்கள். பையன்கள் பாசத்தில் முனையில் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், நடுவில் நீங்கள், சுற்றி "அன்புத் தம்பிகள்" என்று அவர்கள் முகம். போலீசும் பார்க்கும், எதிர்க் கோஷ்டியும் பார்க்கும். மே மாதமே கூப்பிட்டு "பேனர் வேண்டாம், மேட்ச் வைங்கடா" என்று சொல்லிவிடுங்கள். மேடை, பொன்னாடை எல்லாம் நிறுவன ஆட்களோடு மட்டும், பையன்கள் இருக்கும் படம் ஒன்றும் ஸ்டேட்டஸில் போகக்கூடாது.

உங்கள் போனிலும் 27 வருஷச் சங்கதி இருக்கும். காயம்பட்ட படம், கோர்ட் காகிதப் படம். நிறுவனத்துக்குத் தேவையானதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூகுள் போட்டோஸில் அழித்து, அதன் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 60 நாள் அங்கேயே கிடக்கும். வாட்ஸ்அப் பேக்கப்பும் அப்படித்தான். வீட்டில் பழைய டைரிகள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடக்கூடாது. நிறுவனத்தில் கணக்குக் காட்டி ஒப்படையுங்கள் அல்லது கிழித்து அழியுங்கள்.

முடிந்துபோன கேஸ் பையன்களுக்கு ஒரு விஷயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், வேலை தேடும்போது உதவும். பிரிவு 74-ன் இரண்டாம் உட்பிரிவின்படி, முடிந்த சிறார் வழக்கை நடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியே சொல்லக்கூடாது. கம்பெனி வெரிஃபிகேஷனில் பயந்து ஓடிவிடுகிறார்கள், ஓட வேண்டியதில்லை.

பதில்: எண்ணூர்_பஸ்

போன் நம்பரை மாற்றச் சொல்லிச் சிலர் வருவார்கள். மாற்றாதீர்கள் சார். ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்தால் முதலில் பிடுங்குவது போனைத்தான். அப்போது பையனுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே நம்பர் உங்களுடையதாக இருக்கலாம். அது செத்துப்போன நம்பர் என்றால் அவனுக்கு வேறு வாசலே இல்லை.

இரண்டு வழி. அந்த சிம் வேலைக்கு மட்டும் வைத்திருந்தது என்றால், கம்பெனி ஷோரூமில் ஆதார் காட்டி நிறுவனத்தின் பெயருக்கு உரிமை மாற்றிவிடுங்கள், சிம் தம்பி கைக்குப் போகட்டும். சொந்த நம்பரும் அதுதான் என்றால், ஜூன் 30 ராத்திரியிலிருந்து போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் போட்டு நிறுவனத்தின் டூட்டி நம்பருக்குத் திருப்புங்கள், ஆறு மாதம். உங்கள் வீட்டு ஆட்களுக்கு வேறு நம்பர் கொடுத்துவிடுங்கள். வாய்ஸ் கால் மட்டும்தான் திரும்பும். வாட்ஸ்அப்பும் மெசேஜும் உங்களிடமேதான் வரும். அதனால் வாட்ஸ்அப் படத்தை மாற்றி டூட்டி நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள். படிக்கத் தடுமாறுகிற பையனும் நம்பரைப் பார்ப்பான்.

மெசேஜ் என்றதும் முக்கியமான ஒன்று: ஓடிபி. பையனிடம் போன் இல்லாத காலத்தில் ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் ஐடிஐ விண்ணப்பத்துக்கும் களப்பணியாளர்கள் தங்கள் நம்பரையே கொடுத்திருப்பார்கள். 38 பேரில் எத்தனை பேர் ஓடிபி உங்களுக்கு வருகிறது என்று இந்த வாரமே பட்டியல் போடுங்கள். ஆதார் மையத்தில் மாற்ற பையனே நேரில் வந்து விரல் வைக்க வேண்டும், சிறு கட்டணம் உண்டு. ஆதாரை முதலில் மாற்றிவிட்டு, பிறகு வங்கி. வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டிவரும். அந்த நம்பர் பையனுடையதாகவோ அவன் அம்மாவுடையதாகவோ இருக்கட்டும், தம்பியின் நம்பரைக் கொடுக்காதீர்கள், அடுத்த ஓய்வில் இதே கதைதான்.

உங்கள் பீரோவில் எத்தனை பேர் ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இருக்கிறது? வீட்டில் தண்ணீர் ஏறும் என்று கொடுத்து வைத்திருப்பார்கள். கையெழுத்து வாங்கி, அம்மாவும் இருக்கும்போது திருப்பிக் கொடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். ஜிப் கவரில் போட்டு, வீட்டில் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டச் சொல்லுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றக்கூடியதை ஏற்றிவிடுங்கள், அதற்கும் ஆதார் நம்பர் முதலில் சரியாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள், ஐடிஐ போகிறவர்கள் இருந்தால் அந்த விண்ணப்பத்தை நீங்கள் தொடவே வேண்டாம். ரிசல்ட் மே மாதம், அதை ஒட்டியே ஐடிஐ சேர்க்கையும் வரும். தம்பி முதலிலிருந்து செய்யட்டும். சீட்டு கிடைத்தால் அது அவர் வாங்கிக் கொடுத்த சீட்டு என்று பையன் நினைக்கட்டும், ஒப்படைப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பதில்: ஓபி_சீட்டு

மாத்திரைப் பழக்கத்தில் இருந்த 9 பேரைப் பற்றி மட்டும். ஆளுக்கு எழுதும் அந்த ஒரு பக்கத்தில் "போதைப் பழக்கம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது என்று எழுதுங்கள். நைட்ரசெபாம் மாதிரித் தூக்க மாத்திரையைப் பல மாதம் போட்டவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டேபெண்டடால் மாதிரி வலி மாத்திரை என்றால் உடம்பு முறித்துப்போடும், வேர்க்கும், வயிற்றால் போகும், தூக்கம் வராது, அதைத் தாங்க முடியாமல்தான் மறுபடி போடுவான். மறுபடி போட்டு மாட்டியவனை ஆர்வத்தில் "ஒரே நாள்ல விட்றா" என்று புதியவர் ரூமில் உட்கார வைத்துவிடக் கூடாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும். ஓபி நோட்டு யாரிடம் இருக்கிறது, அடுத்த தேதி என்ன என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஜூனுக்குள் ஒரு தடவையாவது நீங்கள், தம்பி, பையன் மூன்று பேரும் சேர்ந்து அந்த வரிசையில் நின்றுவிடுங்கள்.

கையை அறுத்துக்கொண்ட பழக்கம், தூக்கு முயற்சி இருந்தவர்களைக் கடைசி மாதத்தில் வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டும். "நீங்க போனா நான் செத்துடுவேன்" என்று ஒருவன் சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள், அதற்காக ஓய்வையும் தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சியா, கைக்கிட்ட என்ன இருக்கு. பதிலைப் பொறுத்து அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரிக்கு மனநல உதவி எண் 14416, 18 வயதுக்குக் கீழே குழந்தைகள் உதவி எண் 1098.

உங்களுக்கும் அண்ணா. 27 வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு ஜூலை முதல் தேதி தூங்கிவிடாது. போனை வேறு அறையில் வையுங்கள், எழும் நேரத்தை மாற்றாதீர்கள், முதல் மூன்று மாதம் பி.பி., சர்க்கரையை மாதம் ஒரு முறை பாருங்கள். போன பையன்களின் முகம் திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டு இருக்காமல் அதே ஓபிக்கு உங்கள் பெயரில் சீட்டு வாங்குங்கள்.

பதில்: பாஸ்புக்

சுருக்கமாகப் பணம். கிராஜுட்டி: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 26,000 என்றால் 15,000 பெருக்கல் 27, ஆக 4,05,000. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கொடுப்பது "தொகுப்பூதியம்", அது இதில் சேராது என்று நிர்வாகம் சொன்னால் பே ஸ்லிப்பில் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

பி.எஃப். பணத்துக்கு படிவம் 19, மாதப் பென்ஷனுக்கு 10டி. ஆதாரில் இருக்கும் பெயரும் பி.எஃப். பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றா என்று இப்போதே பாருங்கள், 99-ல் கையால் எழுதிய படிவத்தில் பிறந்த தேதி மாறியிருப்பது சகஜம். விலகும் தேதியை நிறுவனம் ஏற்றினால்தான் விண்ணப்பம் நகரும். பென்ஷன் கணக்கில் எல்லோரும் ஏமாறும் இடம்: பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 பெருக்கல் 29 (27 வருஷத்தோடு போனஸ் 2 வருஷம்) வகுத்தல் 70 என்று போட்டு 6,214 வரும் என்று நினைப்பார்கள். 2014 ஆகஸ்ட் வரையான சர்வீசுக்கு உச்சவரம்பு 6,500தான். உங்கள் 15 வருஷம் அதில் போய்விடும். கையில் வருவது 4,000-ஐ ஒட்டித்தான் இருக்கும், குடும்பச் செலவை அந்தக் கணக்கில் போடுங்கள்.

செட்டில்மென்ட் வந்தது ஏரியாவில் தெரியாமல் இருக்காது. ஆட்டோ டியூ, வக்கீல் ஃபீஸ் என்று கேட்டு வருவார்கள். பழைய கைமாற்று எல்லாவற்றையும் ஜூனிலேயே "முடிஞ்சது, தர வேணாம்" என்று சொல்லித் தீர்த்துவிடுங்கள், கடனுக்குப் பயந்து ஒளிகிறவன் புதியவரிடமும் வரமாட்டான். புதுசாகக் கொடுக்காதீர்கள்.

பேசின்பாலம்58 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓடிபி பட்டியல் போட்டுப் பார்த்தேன், 14 பேருக்கு என் நம்பர். நாளையிலிருந்து அந்த வேலை. குழும உறுப்பினர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரிவருமா? இன்னொன்று. இறந்துபோன பையன்கள் ஆறு பேர். வருஷா வருஷம் நினைவு நாளில் முனையில் படம் வைத்து மாலை போடுவார்கள், அந்த அம்மாக்கள் நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எந்த ஃபைலிலும் இல்லை.

வாய்தா எழுதியது:

உறுப்பினர் பதவிக்குக் குழந்தைகள் துறையில் ஏழு வருஷ அனுபவம், வயது 35-லிருந்து 65-க்குள், பதவிக்காலம் மூன்று வருஷம். தகுதி இருக்கிறது. ஆனால் உங்கள் 11 பேர் கேஸும் முடியட்டும் சார். நேற்று வரை தோளில் கைபோட்ட பையனுக்கு இன்றைக்கு நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். அதுவரை போக்சோ வழக்குகளில் உதவி நபராக இருக்க முடியுமா என்று குழந்தைகள் நலக் குழுவில் கேளுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு குழந்தை, கோர்ட்டுக்குக் கூடப் போவதும் வருவதும். உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற வேலை.

கேரம்போர்டு எழுதியது:

அண்ணா, அந்த ஆறு தேதியையும் ஒரு காலண்டரில் வட்டம் போட்டுத் தம்பியிடம் கொடுங்கள், பக்கத்தில் அம்மா பெயர், வீட்டு அடையாளம். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் வருகிற நாளுக்கு இரண்டு பேரும் போங்கள். மற்ற வீடுகளுக்கு முன்கூட்டியே ஒரு சாதாரண நாளில் அவரை அழைத்துப்போய் உட்கார வையுங்கள். அந்தத் தாய்மார்கள் உங்கள் கேஸ் இல்லை, ஜூலைக்குப் பிறகும் நீங்கள் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். போகும்போது மாலையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். அம்மா முதலில் உங்களைத்தான் பார்ப்பார்கள். அப்போது "இவர்தாம்மா இனிமே வருவாரு" என்று சொன்னால் போதும். அன்றைக்கு முனையில் நிற்கும் பையன்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.